அண்ணன் இஞ்சினின் ஆறு சக்கரங்கள்

அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். இரண்டும் பித்தளை ரயில் இஞ்சின்கள். வெளிநாட்டில் செய்தவை. முழநீளப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவனுக்கு இப்போது இதுதான் பைத்தியம். பழைய மாடல்களை வாங்கி, ஒன்றின் பாய்லரையும் இன்னொன்றின் சக்கரத்தையும் வெட்டி ஒட்டி, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு இஞ்சினை அளவு பிசகாமல் உண்டாக்குவான். படத்துக்குக் கீழே குரல் செய்தி. "மாமா, நம்ம திருச்செந்தூர் வண்டிக்கு ஓடுச்சே அந்த மீட்டர்கேஜ் இஞ்சின், அதைத்தான் பண்ணப் போறேன். இந்த ரெண்டுல எதை வெட்டலாம்? உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியுமாம். நன்றாகச் சொன்னான். நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து "பிஸியா மாமா?" என்று கேட்டிருந்தான். பென்ஷன் வாங்குகிறவனுக்கு என்ன பிஸி? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் வாடை, படத்திலிருந்து வர வழியில்லைதான், ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

அந்த வாடை எனக்கு மதினி வீட்டு வாடை. என் மதினி இல்லை, எசக்கிமுத்துவின் மதினி. அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரயில்வேக்காரர் வீட்டுக்குள் போனால், முன்னறையில் கண்ணாடி அலமாரி இருக்கும். அதற்குள் பித்தளை இஞ்சின் ஒன்று நிற்கும். டிரைவரோ, இஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனோ ஓய்வு பெறும்போது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பாத்திரப் பட்டறையில் சொல்லிச் செய்து கொடுப்பது. மாலை போட்டு, மடியில் இஞ்சினை வைத்து, மேளத்தோடு வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பட்டறைக்காரர் எந்தக் காலத்தில் ரயிலை உற்றுப் பார்த்தார்? ஒரு வீட்டு இஞ்சினுக்குப் புகைபோக்கி டபராவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இன்னொரு வீட்டில் இஞ்சினுக்கு முன்பக்கம் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கெல்லாம் யாரும் குறை சொன்னதில்லை.

நான் சொன்னேன். நான் அப்போது ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் டிராயிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தைந்து. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொண்டு திரிவேன். இட்லியின் கனத்தை அளந்து ஓட்டல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்த லட்சணத்தில் ஊருக்குள் எனக்குக் 'கரெக்ட்டு' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எசக்கி என் கூட்டாளி, ராதாபுரத்துக்காரன். இஞ்சின் ஷெட்டில் தினக்கூலிக் கேஷுவல் ஆள். சாம்பல் அள்ளுவான், எண்ணெய் போடுவான், ஃபிட்டர் லீவு போட்டால் ஃபிட்டர் வேலையும் பார்ப்பான். அவனை ஷெட்டுக்குக் கொண்டுவந்து விட்ட அண்ணன் ஃபயர்மேன். அண்ணன் பணியிலிருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓய்வு விழாவுக்குக் கொடுக்க வேண்டிய இஞ்சினைக் கருமாதி அன்றைக்குக் கொண்டுவந்து மதினியிடம் கொடுத்தார்களாம். மதினி மீனாட்சிபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் இட்லி வியாபாரம் செய்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த இஞ்சினைப் புளி போட்டுத் துலக்குவார். அந்த வீட்டுக்கு எசக்கியின் கூலியும் வேண்டியிருந்தது.

நீராவி இஞ்சின் நிற்கப்போகிறது, டீசல் வருகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. டீசலில் அள்ளுவதற்குச் சாம்பல் ஏது? "இஞ்சின் நின்னுட்டுன்னா நானும் நின்னேன்லே. ராதாபுரத்துக்குப் போயி பனையவா எண்ணுதது?" என்பான் எசக்கி. சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் அந்த வருஷம் அவன் சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரர் வந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பித்தளை இஞ்சின் செய்து அனுப்புகிற தொழில் தொடங்கப் போகிறவர். கை வேலை தெரிந்த ஆள் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். எசக்கி சிகரெட் டப்பாத் தகட்டில் பற்றவைத்துச் செய்திருந்த ஒரு சின்னப் பம்பைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "இங்க ஓடுற மீட்டர்கேஜ் பாசஞ்சர் இஞ்சின், முப்பத்திரண்டுல ஒரு பங்கு அளவுல ஒரு மாதிரி பண்ணிக் காட்டுங்க. புதுசா வார்க்க வேணாம், பழைய பொம்மையை வெட்டி ஒட்டினாலும் போதும். எனக்கு அளவு சரியா இருக்கணும். இருந்தா உங்களுக்கு மெட்ராஸ்ல நிரந்தர வேலை" என்றார். இரண்டு மாதம் கெடு. நான் படம் வரைந்து தருகிறேன் என்று நானாகவே போய் நுழைந்துகொண்டேன்.

எதை வெட்டுவது என்று அலமாரி அலமாரியாக அலைந்தோம். நான் வெர்னியரோடு போவேன், எசக்கி இரண்டு கையாலும் இஞ்சினைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் காட்டுவான். பேட்டையில் ஒரு ரிட்டையர்டு டிரைவர் அண்ணாச்சி வீட்டில் இருந்த இஞ்சின்தான் அசல். பாய்லர் நல்ல உருண்டை. "கொண்டு போங்கவே. எம் மருமவ அத எப்ப எடைக்குப் போடலாம்னு பாத்துக்கிட்டு இருக்கா" என்று அண்ணாச்சி சிரித்தார். அதன் சக்கரமும் நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். எசக்கிக்கு அதுவே போதும், ஒரே இஞ்சினில் முக்கால்வாசி வேலை முடிந்தது என்று ஒரே சந்தோஷம்.

எனக்குத்தான் போதவில்லை. நிஜ இஞ்சினை அளக்காமல் எப்படி ஒத்துக்கொள்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டில் நின்றிருந்த இஞ்சினிடம் போனோம். ஈரச் சாம்பலும் சூடான எண்ணெயும் சேர்ந்த நெடி. எசக்கி சக்கரத்தில் டேப்பைப் பிடித்தான், நான் நோட்டில் எழுதினேன். கணக்குப் போட்டால் மாதிரிக்கு நாற்பது மில்லிமீட்டர் சக்கரம்தான் வேண்டும். அண்ணாச்சி வீட்டுச் சக்கரம் மூன்று மில்லிமீட்டர் பெரிது.

எசக்கி கைத்துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னான். "இது தேஞ்ச டயருலே. சக்கரத்து மேல இரும்புப் பட்டை ஒண்ணு போட்டிருக்குல்லா, அதுதான் டயரு. ஓடி ஓடித் தேயும். தேயத் தேயக் கடைஞ்சு விடுவாவ. புதுசுல இத விட மூணரை இஞ்ச் பெருசா இருக்கும். அண்ணாச்சி வீட்டுச் சக்கரம் சரிதான் பாத்துக்கோ."

"நீ பாத்தியா புதுச?"

"நான் பாக்கல. அண்ணன் சொல்லுவான்."

"அண்ணன் சொன்னதெல்லாம் அளவாலே? அளந்தது அளந்ததுதான்."

அவன் டேப்பைச் சுருட்டினான். பிறகு, "நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். இதைக் கேட்டு நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மூதேவி!

நாற்பது மில்லிமீட்டர் சக்கரம் எங்கள் தேடலில் ஒரே ஒரு இஞ்சினில்தான் இருந்தது. மதினி வீட்டு இஞ்சினில். அதைக் கேட்டதும் எசக்கியின் முகம் மாறிவிட்டது. "அண்ணன் இஞ்சின வெட்டாண்டாம்லே. வேற எதுனாலும் பாப்போம்" என்று கெஞ்சினான். நான் விடவில்லை. மூன்று மில்லிமீட்டருக்காக வேலை போனால் பரவாயில்லையா என்று கேட்டேன். தன்னால் கேட்க முடியாது என்று அவன் சொன்னதும், நானே போய் மதினியிடம் கேட்டேன்.

மதினி மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து அலமாரியைத் திறந்தார். "வெட்டுனா அவனுக்கு வேலை கெடைக்குமா தம்பி?" என்றார். கிடைக்கும் என்றேன். "அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. இது இங்கன சும்மாதான நிக்கி" என்று முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கையில் தந்தார். சின்னப் பெண் அழுதது. அதற்கு ஒரு அதட்டுப் போட்டார்.

எசக்கியே அறுத்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. ஆறு சக்கரங்களையும் எடுத்து, அண்ணாச்சி வீட்டுப் பாய்லருக்குக் கீழே பூட்டினான். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவினால் தெரியாது. முடிந்த அன்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவ்வளவு அழகான பொருள் ஒன்று என் வாழ்க்கையில் என் பங்கோடு உருவானது அந்த ஒரு தடவைதான்.

ஏற்றுமதிக்காரர் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜாயிண்ட் பிரமாதம்" என்றார். அப்புறம் அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து விரித்தார். இஞ்சின் செய்த கம்பெனியின் அசல் படம். அதில் சக்கரத்தின் அளவு போட்டிருந்தது. புது டயரின் அளவு. எசக்கி சொன்ன அதே மூன்றரை இஞ்ச் கூடுதல்.

"மூணு மில்லி சின்னதா இருக்கே. வாங்குறவன் அளவு வச்சுப் பார்ப்பான். அளக்கத் தெரியாதவரை வச்சு நான் என்ன பண்ண? யார் அளந்தது இது?"

எசக்கி என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்றுதான் பார்த்தான். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 'இவன் சரியாகச் சொன்னான் சார், நான்தான் கேட்கவில்லை.' அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

"டேப் பிடிச்சது இவர்தான் சார்."

பொய் இல்லை பாருங்கள். டேப் பிடித்தது அவன்தான். கரெக்ட்டு!

"படம்?"

"நான் வரைஞ்சது சார்."

"கோடு சுத்தமா இருக்கு. எனக்கு டிராயிங் ஆளும் வேணும். வர்றீங்களா?"

படியிறங்கும்போது எசக்கி என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மதினிகிட்ட என்னன்னுலே சொல்லுதது?" அளவு கொஞ்சம் மாறிவிட்டது என்று சொல் என்றேன். அடுத்த மாதம் நான் மெட்ராஸுக்கு ரயிலேறினேன். அவன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவன் வராததில் எனக்கு நிம்மதியாக இருந்தது, வேறென்ன சொல்ல.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது, எப்படியோ துணிந்து மதினி வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இஞ்சின் நின்ற இடத்தில் மருந்து பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார். எசக்கி கேரளாவில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான் என்றார். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அளவத் தப்பா எடுத்தது நம்ம எசக்கிதானாமே தம்பி. அவனே வந்து சொன்னான். 'அவன் படிச்ச பய, சரியாத்தான் சொன்னான், நான்தான் கேக்கல மதினி'ன்னு ஒரே அழுகை. நீங்க எவ்வளவு பாடுபட்டிய. ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய."

நான் காப்பியைக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி" என்றேன்.

இப்போது அந்தப் பாதை அகலப் பாதை. மீட்டர்கேஜ் தண்டவாளம் ஒரு முழம்கூட மிச்சமில்லை. ஷெட் இருந்த இடம் எது என்று காட்ட என்னால் முடியாது. ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கிறார்களாம், பித்தளை இஞ்சின் என்றால் யாருக்கும் தெரியவில்லை. பேட்டை அண்ணாச்சி எப்போதோ போய்விட்டார். மதினி போன வருஷம் போனார். எசக்கி கேரளாவில் எந்த ஊர் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் நான் துணியவில்லை.