கடலுக்கு முதுகைக் காட்டினேன்

குற்றாலத்து அருவியிலேயே குளித்து வளர்ந்தவன் நான். வழுக்குப் பாறை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. அந்தத் திமிரோடு, அருவி வற்றிக் கிடந்த மே மாத லீவில், அக்கா மாப்பிள்ளையோடு முட்டம் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போனேன். போனில் வீடியோ பார்த்து, தூண்டில் முள்ளில் சேவல் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருந்தேன். கயிற்றைச் சாட்டை போலப் பின்னால் சுழற்றி வீச வேண்டும்.

பாறையில் நின்று வீசினேன். முள் கடலுக்குப் போகாமல், பின்னால் நின்ற அத்தானின் லுங்கியில் மாட்டிக்கொண்டது.

"ஏலே, கண்ணு தெரியுதா இல்லயா? கழட்டுலே!"

"இருங்க அத்தான், அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்பிக்கிடுதேன். மொத மீனே எம்பது கிலோ!"

அருவியில் தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தானே நிற்போம்? அதே பழக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்தேன். பெரிய அலை ஒன்று முதுகில் அறைந்தது. தூண்டில் கைநழுவிக் கடலில் விழுந்து, முள் மாட்டிய லுங்கியையும் இழுத்தது. நான் பாறை விளிம்புக்குச் சறுக்கினேன். அத்தான் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தார். இன்னொரு கை லுங்கியைப் பிடித்திருந்தது. சட்டை கிழிய ஆரம்பித்தது.

"லுங்கிய விடுங்க அத்தான்! என்னயப் பிடிங்க!"

விட்டார். இரண்டு கையாலும் என்னை இழுத்து மேலே போட்டார். தூண்டிலோடு லுங்கியும் கடலுக்குள் போனது. என் கிழிந்த சட்டைதான் பஸ் ஸ்டாண்ட் வரை அவர் மானத்தைக் காத்தது.

இப்போது வீசுவதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். அத்தானை இன்னும் கிண்டல் செய்கிறேன். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டேதான். அவரும் லுங்கிக்குள் டவுசர் போட்டுக்கொண்டுதான் வருகிறார்.