அத்தானின் குழாய்க் கிணறு

குழாய்க் கிணறு அடிப்பதற்கு முன் உரிய திணைக்களத்திடம் அனுமதி பெறவேண்டும். பக்கத்தில் பங்குக் கிணறு இருந்தால் அதன் பங்காளிகளிடமும் ஆட்சேபணை உண்டா என்று கேட்கவேண்டும். விதி அவ்வளவுதான். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் காணிப் பகுதியில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். விதிகளை ஏன் இத்தனை எளிமையாக எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மீறுகிறவர்களுக்கும் அவை விளங்க வேண்டுமல்லவா. எந்த அரசாங்கக் கந்தோரும் திறந்திராத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோப்பாயில் அக்காவின் வளவுக்குள் துளைக்கிற இயந்திரம் இறங்கியது. நான் அரியாலையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சுண்ணக்கல் தூள் மாவாகப் பறந்துகொண்டிருந்தது. மரவள்ளி இலைகள் வெள்ளையாயிருந்தன. அதற்குள் தலை, மீசை, புருவம் எல்லாம் வெளுத்து நின்ற அத்தான் என் கையில் ஒரு சோடாவைத் தந்தார்.

"என்ன தம்பி, உங்கடை சட்டத்துக்கு இண்டைக்கு லீவோ?"

இயந்திரத்துக்காரர் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது அக்கா மட்டும்தான்.

அக்காவுக்குச் சீதனமாக வீடும் தோட்டமும் கிணற்றில் மூன்றிலொரு பங்கும் கொடுத்தார்கள். காணி உறுதிப் பத்திரத்தில், கிணற்றில் பங்கும் அதற்குரிய வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். அத்தான் அந்த வசனத்தோடு சேர்ந்து கோப்பாய்க்கு வந்தவர். மற்றப் பங்காளிகள் இருவர். ஒருவர் சந்தியில் கடை வைத்திருப்பவர், மற்றவர் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். மூன்று வீட்டுக்கும் இறைப்புக்கு முறைநாள் இருந்தது. ஒருவர் இறைக்கிற நாளில் மற்றவர் கிணற்றடிக்கு வாளியோடுதான் வரலாம், மிசினோடு வரக்கூடாது. அந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ அது நெடுங்காலம் நின்றது. அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர் அத்தான். தன் முறையில் நீர் கிணற்றுச் சுவரின் குறிப்பிட்ட கல்வரிக்குக் கீழே இறங்கினால் பாதி வெங்காயம் நனையாமல் கிடந்தாலும் மிசினை நிற்பாட்டிவிடுவார். "நாளையான் முறைக்காரனுக்கும் ஊறட்டும்" என்பார். இப்படிச் சொன்னவரைத்தான் பிறகு நான் சோடாவும் கையுமாகக் கண்டேன்.

அவர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அந்த வருடம் மழை பிந்தியது. வெங்காயம் எடுக்கிற வியாபாரி, முன்பெல்லாம் விளைந்தால் வருகிறவர், இப்போது விளைகிற நாளைத் தானே சொல்லத் தொடங்கியிருந்தார். மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் காட்டிய படங்களில் எல்லாத் தோட்டமும் எப்போதும் பச்சையாக இருந்தது. "அப்பா, உது ஒரு நாள் வேலை. ஏன் கிடந்து மாயிறியள்?" என்று அவன் கேட்டிருக்கிறான். ஒரு நாள் வேலை என்ற சொல்லை அத்தான் அதன் பிறகு பலமுறை சொல்லக் கேட்டேன். நான் முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொன்னேன். "எழுதுங்கோ. அவை மறுமொழி போடக்குள்ளை நான் வெங்காயம் வித்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு கதிர்காமம் போய் வந்திடுவன்" என்றார். அவர் கணக்கில் பிழை இல்லை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது தலையிடி என்றால் ஊசி போட்டே தீரவேண்டும். பிள்ளை கணக்கில் பின்தங்கினால் நாலு இடத்தில் ரியூசன். சீனி வருத்தம் என்று தெரிந்த அன்றே சோற்றை அடியோடு விட்டு, ஏதோ இலையை அவித்துக் குடித்து, மாதமொன்றில் ஆஸ்பத்திரியில் கிடந்த சிநேகிதர் எனக்கு உண்டு. நோயோடு மெல்ல மெல்லச் சமாளித்து வாழ்வது இப்போது ஒரு வகைக் கையாலாகாத்தனம். ஒன்றில் இன்றைக்கே தீரவேண்டும், இல்லையென்றால் வேரோடு வெட்டவேண்டும். எங்கள் மண்ணில் இந்த அவசரம் கீழ்நோக்கிப் போனதுதான் விசேடம்.

முதல் போகத்தில் தொடைப் பருமனில் தண்ணீர் பாய்ந்தது. அத்தான் எனக்கு ஒரு கடகம் வெங்காயம் அனுப்பினார், விண்ணப்பத்துக்குப் பதிலாக என்று சொல்லி. அடுத்த கோடைக்குள் கடைக்காரரும் அடித்தார். பிறகு வாத்தியார் அடித்தார், இருவரையும் விட ஆழமாக. நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, ஆழத் துளைத்தால் உவர் மேலேறும் என்பதை ஒன்பதாம் வகுப்புக்குப் படம் கீறிப் படிப்பிக்கிறவர் அவர். அதை நினைவுபடுத்தினேன். "அது பிள்ளையளின்ரை சோதினைக்கு அண்ணை. எனக்கு மிளகாய்க் கண்டு வாடுது" என்றார். மூன்று மோட்டர்களும் ஒரே நேரத்தில் ஓடின. முறைநாள் என்ற பேச்சே இல்லாமற் போயிற்று. பங்குக் கிணற்றைச் சுற்றிப் புல் வளர்ந்தது.

முதலில் கண்டுபிடித்தது அக்கா. தேத்தண்ணி சரியில்லை என்று பால்காரனை மாற்றினாள். பிறகு தேயிலையை மாற்றினாள். அத்தான் எழும்பிப் போய்க் குழாய் வாயில் கையேந்திக் குடித்துப் பார்த்தார். சவர், உப்புக் கரித்தது. அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர் செய்தது இயந்திரத்தைத் திரும்பக் கூப்பிட்டதுதான். இன்னும் கீழே போனால் நல்ல ஊற்று இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். கீழே போனார்கள். வந்த தண்ணீரில் வெங்காயத் தாளின் நுனி நெருப்புப் பட்டதுபோல் கருகியது.

அதன் பிறகுதான் அத்தான் கடைக்குப் போனார். வாத்தியாரும் அங்கே நின்றார். நானும் கூடப் போயிருந்தேன்.

"மூண்டு பேரும் மூடுவம். பழையபடி முறைக்கு இறைப்பம். ரெண்டு மூண்டு மாரி பெய்ய எங்கடை கிணறு திரும்பும். இல்லாட்டி உந்த நிலத்திலை பிறகு புல்லும் முளைக்காது."

கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல் அடிச்சது ஆர் அண்ணை? நீங்கள் வயிறு நிறையக் குடிச்சுப்போட்டு இப்ப எங்களை விரதம் பிடிக்கச் சொல்லுறியள்."

வாத்தியார் மரியாதையாகச் சொன்னார். "கந்தோராலை ஒரு கடிதம் வரட்டும். அண்டைக்கே மூடுறன்."

அன்று பின்னேரம் அத்தான் கேட்டு நான் எழுதினேன். அனுமதியின்றி மூன்று குழாய்க் கிணறுகள் அடிக்கப்பட்டுள்ளன, முதலாவது என்னுடையது, மூன்றையும் மூடக் கட்டளையிடுக என்று. என் உத்தியோகத்தில் எத்தனையோ முறைப்பாடுகள் கண்டிருக்கிறேன். தன்மேல் தானே முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடிதத்துக்காக ஒரு நாளும் காத்திராதவர் தபால்காரனின் சைக்கிள் மணிக்கு வாசல் படலைவரை நடக்கத் தொடங்கினார்.

காத்திருப்பதிலும் அவருக்கு அளவு தெரியவில்லை. மறுமொழி வராத சில வாரங்களில் சீமெந்து குழைத்துத் தன் குழாயை நிரந்தரமாக மூடினார். மற்ற இருவரையும் கூப்பிட்டு அவர்கள் கண்முன்னே ஊற்றினார். நான் தடுத்துப் பார்த்தேன். "அத்தான், கடிதம் வரட்டும். அதுவரைக்கும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு நிப்பாட்டுங்கோ."

"அரைவாசிக்கு மூடேலாது தம்பி. நான் முழுக்க மூடினால்தான் இவங்களுக்கு வெக்கம் வரும்."

அவர்களுக்கு வெட்கம் வரவில்லை. சீமெந்து காயும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தான் புல்லைச் செருக்கிப் பங்குக் கிணற்றடிக்குத் திரும்பினார். அங்கே தண்ணீர் இன்னும் நாக்கில் வைக்கக்கூடியதாக இருந்தது. மிசின் போட்டால் சவர் ஏறும் என்று கப்பியில் வாளி கட்டி இழுத்தார், அதுவும் தன் முறைநாளில் மாத்திரம். எழுபது கடந்தவர். அக்கா அழுதாள். "உங்களுக்கு ஒண்டில் வானம், இல்லாட்டி பாதாளம். நடுவிலை நிலமெண்டு ஒண்டு கிடக்குதப்பா" என்று அவள் கத்தியது தெரு ஒழுங்கைவரை கேட்டது.

ஆவணி வெயிலில் ஒருநாள் முற்பகல், கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி இருந்தவரை அக்கா கண்டாள். வாளி நிறைந்தபடி பக்கத்தில் இருந்தது. இருதயம் என்றார் டாக்குத்தர்.

பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர்கள் அந்த இரு பங்காளிகளும்தான். நன்றாக அழுதார்கள், அது பொய்யழுகை அல்ல. சுடலையால் திரும்பி, குளித்து, எங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். இறைப்பு நேரமாகியிருந்தது. சற்று நேரத்தில் இரண்டு மோட்டர்களும் ஓடத் தொடங்கின. அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

மறுமொழி வந்தபோது மாரி தொடங்கிவிட்டது. ஒழுங்கை முழுதும் வெள்ளம், யாருக்கும் தண்ணீர் தேவையில்லை. கடிதம் அத்தானின் பெயருக்கு வந்தது. அவரது முறைப்பாடு கிடைத்ததாகவும், அது பரிசீலனையில் இருப்பதாகவும், அதுவரை பொறுமையாக இருக்கும்படியும் எழுதியிருந்தது.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"பொறுத்திருக்கட்டாம்."

அவள் கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய் அதை நீட்டினேன். விறாந்தையில் நின்று நிதானமாக, இரண்டு முறை வாசித்தார்.

"உதிலை மூடச் சொல்லேல்லையே அண்ணை" என்றார்.

சொல்லவில்லைதான். அன்று கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள். இழவு வீடென்று அக்கா அந்த முறை விளக்கு வைக்கவில்லை.