தோள் மாற்றும் இடத்து மெட்டு

எங்கள் தெரு அம்மன் ஆடி மாதத்தில் ஊர்வலம் வருவாள். சேக்காட்டில் எங்கள் கோயிலுக்குத் தேர் கிடையாது. பல்லக்கை நாங்கள்தான் தோளில் சுமப்போம். ஆவடியில் தொழிற்சாலை ஷிப்டை முடித்து வந்து, குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பூஜை மந்திரமும் தெரியாது. அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது அந்தச் சுமைதான்.

பல்லக்குக்கு முன்னால் பேண்டு செட் போகும். அதை நடத்திய அண்ணன் எங்கள் தொழிற்சாலையிலேயே வெல்டர். கிளாரினெட் வாசிப்பார். கல்யாணத்துக்குக் காசு வாங்குவார், அம்மனுக்கு வாங்க மாட்டார். வாலிப வயதில் பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் ஜோடி ஜோடியாக ஆடும் விழாக்களில் வாசித்தவர். அவர் வாசிப்பதில் ஒரு மெட்டு உண்டு. துள்ளித் துள்ளி ஓடும். ஊர்வலம் தெருக்கோடியில் திரும்பும்போது சட்டென்று தளரும். ஒரே சுரத்தில் நீளமாக நிற்கும். பிறகு மெல்ல ஏறி மறுபடி ஓடத் தொடங்கும். அந்த நீளத்துக்குள் நாங்கள் அத்தனை பேரும் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாறிக்கொள்வோம். யாரும் குரல் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தெருக்கோடியில்தான் அண்ணன் வீடும் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். மறு வருஷம் ஆடிக்கு முன்னால், ஊர்வல மெட்டுகளை கேசட்டாகப் போடலாம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. அம்பத்தூரில் கேசட் கடை வைத்திருந்த என் மச்சினன், அண்ணன் வாசித்ததை முன்பே டேப்பில் பிடித்து வைத்திருந்தான். விஷயம் தெரிந்து அண்ணனின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். எனக்கு அவர் அக்கா மாதிரி.

"கேசட்டு மேல அவரு பேரைப் போடுவீங்களா தம்பி?" என்றார். "எத்தினி ஊட்டு கல்யாணத்துல ஊதினாரு. ஒரு பத்திரிகையிலயாவது பேரு வந்துகீதா?"

"போடாம இன்னாக்கா?"

"அந்த ஓடற மெட்டு கீதே, அது அவரே போட்டது. நம்ம ஊட்டு முக்குல நீங்கல்லாம் தோள் மாத்த முடியாம தடுமாறினத பாத்துட்டு வந்து, அடுப்பாண்ட ஒக்காந்துகினு ஊதி ஊதிப் பாத்தாரு. நான் சோறு வடிக்க மறந்துட்டேன். அன்னிக்குக் கொழஞ்ச சோறுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மச்சினனிடம் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். "மாமே, கோச்சிக்காத. அது இங்கிலீஷ் மெட்டு. கொரட்டூர்ல ஒரு பெருசு ஊட்டுல பழைய கிராமபோன் பிளேட்டுல கேட்டுக்கீறேன்."

"இன்னாடா உளர்ற?"

"நம்ம காதையே நம்ப வாணாம். போய் கேட்டுக்கினு வந்துடலாம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சாமி பேரில் வருகிற கேசட். அடுத்தவன் பொருளை எடுத்து அண்ணன் பேரில் போட்டால் அந்தப் பாவம் அண்ணனையும் சேரும் என்று பயந்தேன்.

கொரட்டூரில் ஏரிப் பக்கம் அந்தப் பெரியவர் வீடு. ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். எந்தத் தட்டில் எந்தத் தலைப்பு தப்பு, யார் எழுதியதை யார் பேரில் போட்டிருக்கிறான் என்று சரிபார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நாங்கள் கொண்டுபோன டேப்பில் நாலு அடி கேட்டதுமே எழுந்து போய் ஒரு தட்டைத் தேடி எடுத்து வந்தார்.

"இது ஜாஸுக்கே அப்பன், மேன். ராக்டைம்னு பேரு. அமெரிக்காவுல கறுப்பு ஆளுங்க பியானோல போட்டது. கேளு."

பியானோ துள்ளியது. அதே ஓட்டம், அதே துள்ளல். கொஞ்ச நேரத்தில் கீறல் விழுந்த இடத்தில் ஊசி குதித்தது. அவர் "ச்சே" என்று ஊசியை எடுத்துவிட்டு, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துத் தலைப்பையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும் படித்தார்.

"அப்போ இவருதான் எழுதினவரா சார்?"

"லேபிள்ல போட்டுட்டா அது பைபிளா? அந்தக் காலத்துல எழுதினவன் ஒருத்தன், பேரு போட்டுக்கினவன் ஒருத்தன். ஒரு பிளேட்டை வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் பிரதர்கிட்ட பல்லாவரத்துல இதே மெட்டு வேற கம்பெனி பிளேட்டு கீது. கிறிஸ்மஸுக்கு வருவான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்."

வெளியே வந்ததும் மச்சினன், "கிறிஸ்மஸ் வரைக்கும் ஆத்தா கோயில்லயே ஒக்காந்துகினு இருக்குமா மாமே?" என்றான். ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. காதால் கேட்டாயிற்று, வேறு என்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

கமிட்டியில் விஷயத்தைச் சொன்னோம். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா கேசட்டுல அமெரிக்காக்காரன் பேரா? வெளாட்றியா நைனா? பாரம்பரிய மெட்டுன்னு போட்டுட்டுப் போ." அப்படியே அச்சாயிற்று. அண்ணன் பேரும் இல்லை, அந்தத் தட்டிலிருந்த பேரும் இல்லை.

அக்காவிடம் சொல்ல நான்தான் போனேன். வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"அப்போ எங்கிட்ட பொய்யா சொன்னாரு?"

"பொய்யுனு இல்லக்கா..."

"அடுப்பாண்ட ஒக்காந்துகினு ஊதினாரே?"

அவர் டப்பாவை மூடினார். "வாணாம் தம்பி. ஆத்தா காரியத்துல பொய்ப் பேரு வாணாம். நீ நல்லதுதான் செஞ்சே" என்றார். வழக்கம்போல காபி கொடுத்தார். நானும் குடித்தேன். பேர் போனதைவிட, புருஷன் தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அவரை அடித்துப் போட்டது. அது அந்தக் காபி குடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஆடியில் அண்ணனின் சிஷ்யர்கள் அதே மெட்டை வாசித்தார்கள். தெருக்கோடியில் பாட்டு தளர்ந்தது, நாங்கள் தோள் மாற்றினோம். எப்போதும் அந்த இடத்தில் கற்பூரத் தட்டோடு நிற்கிற அக்கா, மெட்டு தளரும் முன்பே சூடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஆடிக்கு அக்கா இல்லை. மஞ்சள் காமாலை வந்து பங்குனியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொரட்டூர்ப் பெரியவர் மட்டும் மறக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வராமல் போன தம்பி இப்போதுதான் பல்லாவரத்திலிருந்து தட்டைக் கொண்டுவந்திருக்கிறான் என்று மச்சினன் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். எனக்குப் போக மனசில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

"பாத்தியா மேன்? தலைப்பும் வேற, பேரும் வேற. மெட்டு ஒண்ணுதான்."

"ரெண்டு பேருல எவரு நிஜம் சார்?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேருமே இல்லாம மூணாவது ஆளு எவனாவது போட்டிருப்பான், பாவம்."

இந்தத் தட்டில் கீறல் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, அந்த இடம் வரப்போகிறது என்று இடது தோள் தானாகவே தயாரானது. வரவில்லை. பாட்டு எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்துவிட்டது.

"சார், அந்த எடம் வரலியே."

"எந்த எடம்?"

கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார்.

"இது எந்தப் பிளேட்டுலயும் இல்ல, மேன். இது உங்காளு போட்டது. ஓட்டம் எவனோடதோ. ஆனா நிக்கிற எடம் இவனோடது. தையல்கூட தெரியாம சேத்துகீறான்." தட்டை உறைக்குள் போட்டார். "அன்னிக்கு நான் ஊசியை எடுத்திருக்கக் கூடாது. கடைசிவரைக்கும் கேட்டிருக்கணும். சாரி மேன்."

அக்காவும் அதைத்தான் சொன்னார். எங்கள் தோளைப் பார்த்துவிட்டு வந்து போட்டார் என்றார். அந்த மெட்டில் வருஷாவருஷம் தோள் மாற்றிய எனக்கு, தட்டில் அந்த இடம் வருகிறதா என்று அன்றே கேட்கத் தோன்றவில்லை.

தெருக்கோடியில் அண்ணன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். ஊர்வலம் வந்தால் அவர்களும் கற்பூரத் தட்டோடு வந்து நிற்கிறார்கள். அங்கே மெட்டு தளரும்போது, தண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டே, "அவரு பொய் சொல்லலக்கா" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். பல்லக்கில் இருப்பவள் காதில் விழுந்திருக்கும். அவளுக்குத்தான் முதலிலேயே தெரியுமே. தெரியாமலே போனது அக்கா ஒருவர்தான்.