அலிப்பூர் புல்வெளியில் ஒரு தப்பான பந்து

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கலாம், குனியலாம், லேசாக விளையாடவும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பால்கனில உக்காந்து பேப்பர் படியேம்மா" என்கிறான் என் மகன். அறுபத்தோரு வயதில் என்னைத் தொட்டிச் செடி ஆக்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் பந்து உருட்டும் லான் பௌல்ஸ் ஆடக் கிளம்பினேன். வங்கியில் என்னோடு வேலை பார்த்த சுந்தரி, லேக் கார்டன்ஸ்காரி, நான்கு வருடமாக அலிப்பூர் கிளப்பில் ஆடுகிறாள். இந்த சீசனுக்குப் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்க அதுதான் கடைசி நாள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

நியூ டவுனில் காலை 6.10க்கு ஆப் டாக்ஸி ஏறினேன். அலிப்பூருக்கு 21 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், 465 ரூபாய்.

"இவ்வளவு காலைல எங்க மாஷிமா, காளி கோயிலுக்கா?" என்று டிரைவர், பெரியம்மா முறை வைத்து, வங்க மொழியில் கேட்டார்.

"விளையாட."

"பேரனோடயா?"

"தனியா."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை மேம்பாலத்தில் ஏற்றினார்.

கிளப் வாசலில் சுந்தரி காத்திருந்தாள். கிளப் செயலாளரை எல்லாரும் மித்ரா தா, அதாவது மித்ரா அண்ணா, என்கிறார்கள். மடிப்புக் கலையாத வெள்ளை உடை, இனிமையான பேச்சு. என் படிவத்தில் முட்டியைப் பற்றி நான் மறைக்காமல் எழுதியிருந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்டுச் சொன்னார்: "ஆடுற மெம்பர் வேண்டாம் தீதி, சோஷியல் மெம்பரா சேருங்க. கேலரில உக்காந்து பாக்கலாம், டீ ரொம்ப நல்லா இருக்கும்." படிவம் என் கைக்கே திரும்பி வந்தது. விருந்தாளி என்ற முறையில் ஒரு ரவுண்டு மட்டும் ஆடிவிட்டுப் போகலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயும் ஒரு பால்கனி!

என் முறைக்காகக் காத்திருந்தபோது, இந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு குறியை வைத்து, அதன் அருகில் யார் பந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் மொத்த ஆட்டமும். பழைய எகிப்திலேயே இப்படி ஏதோ ஆடியிருக்கிறார்கள் என்கிறார்கள். ரோமானியச் சிப்பாய்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனார்களாம். இத்தாலியில் அதன் பெயர் 'போச்சே', பிரான்சில் 'பெடாங்க்'. இங்கிலாந்தில் ஒரு ராஜா, வேலைக்காரர்களும் சாதாரண ஜனங்களும் கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் ஆடக்கூடாது என்று சட்டமே போட்டார். யார் கேட்டார்கள்? அந்த ஆட்டம் கப்பலேறி இந்த ஊர்வரை வந்துவிட்டது. ராஜாவுக்கே அடங்காத ஆட்டத்துக்கு மித்ரா தா எம்மாத்திரம்?

லான் பௌல்ஸ் பந்து நேராக ஓடாது. அதன் ஒரு பக்கத்தில் சின்ன வட்டக்குறி, மறுபக்கத்தில் பெரியது. சின்னக் குறி இருக்கும் பக்கமாகப் பந்து வளையும். இதையெல்லாம் சுந்தரி மூன்று தடவை சொல்லியும், கோபத்தில் பந்தைத் திருப்பிப் பிடித்து உருட்டிவிட்டேன். அது, இலக்காக வைத்திருந்த ஜாக் என்ற சின்ன வெள்ளைப் பந்தை விட்டு விலகி, பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து ஒருவரின் காலடியில் நின்றது. புல்வெளி முழுக்கச் சிரிப்பு.

"போச்சு போ! தப்புப் பக்கம் போட்டா அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் சந்தேஷ் ஸ்வீட் வாங்கிட்டு வரணும். பேரு போர்டுல ஏறிடும்" என்றாள் சுந்தரி.

மித்ரா தா ஏற்கெனவே சாக்பீஸோடு கரும்பலகை அருகில் நின்றார். "இருபத்துநாலு சந்தேஷ், தீதி!"

பலகையின் தலைப்பைப் படித்தேன். 'அபராதம்: ஆடும் உறுப்பினர்களுக்கு மட்டும்.'

"மித்ரா தா, நான் விருந்தாளிதானே? விருந்தாளிகிட்ட அபராதம் வாங்குவீங்களா?"

அவர் சாக்பீஸைக் கீழே இறக்கினார். நான் அடுத்த பந்தை எடுத்தேன். சின்ன வட்டக்குறி எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, புது முட்டியை மடக்கிக் குனிந்து உருட்டினேன். அது மெல்ல வளைந்து ஜாக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. "சந்தேஷ் வேணும்னா ஃபார்ம வாங்கு மித்ரா!" என்று பக்கத்து ஆட்டத்துக்காரர் குரல் கொடுத்தார். நான் படிவத்தை நீட்டினேன். மித்ரா தா என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக் கையெழுத்துப் போட்டார், பலகையில் அந்தத் தலைப்புக்குக் கீழே என் பெயரையும் எழுதினார்.

போக நினைப்பவர்களுக்கு: தட்டையான அடியுள்ள காலணி கட்டாயம், குதிகால் உயர்ந்த செருப்போடு புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். ஏழரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். உடம்பில் என்ன கோளாறு இருந்தாலும் படிவத்தில் உள்ளதை எழுதுங்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கே கிளம்புகிறாய் என்று மகன் கேட்டான். "அபராதம் கட்ட" என்றேன். இருபத்துநாலு சந்தேஷும் பத்து நிமிடத்தில் தீர்ந்தன. மித்ரா தா துணியோடு பலகையில் என் பெயரைத் துடைக்கப் போனார். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.