நாலு நிமிட மணி

கக்கூஸ் கதவைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. அதற்கு மணி கட்டி வைத்தவர்களுக்கே இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

கட்டியவன் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் எலக்ட்ரீசியன். நான் அதே கம்பெனியில் ஆபீஸ் கிளார்க். ஆறு குடும்பம் இருக்கும் ஒரே லைன் வீட்டில் அவன் நாலாவது வாசல், நான் ஆறாவது வாசல். அவன் மனைவி அமலியும் எங்கள் கம்பெனியில்தான் டெய்லராக இருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் எங்களுக்கு நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை வரும். எந்த நேரம் என்று விடுகிறவனுக்கே தெரியாது. ஆறு வீட்டுக்காரரும் வேலையில் இருப்போம். தண்ணீர் சின்னத் தரைத் தொட்டியில் நிரம்பி, மேலே டிரம்முக்கு ஏற்ற ஆளில்லாமல் வழிந்து சாக்கடைக்குப் போகும். சாயங்காலம் வந்து உப்புத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம்.

சகாயராஜ் திட்டவில்லை. கம்பெனி கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். பிரிண்டர் சொருகும் இடத்திலிருந்து ஒயர்களை இழுத்தான். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியுமே, அதே மாதிரி ஒரு சின்ன சுவிட்சைத் தொட்டியில் மாட்டி, காலி ஷாம்பு பாட்டிலை அதற்கு மிதவையாக விட்டான். டெலிபோன் லைனில் இண்டர்நெட் வாங்கினான். ராத்திரி படிப்பெல்லாம் புத்தகக் கடை ஓரத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள். ஆறு மாதத்தில் இண்டர்நெட்டில் ஒரு பக்கம் தயாரானது. மேலே ‘எங்க வீடு’ என்ற தலைப்பு. கீழே மூன்று கட்டம்: தண்ணீர், மோட்டார், விளக்கு. தொட்டிக்குத் தண்ணீர் வந்தால் முதல் கட்டம் நீலமாகும். ஆபீசில் என் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து நான் பட்டனை அமுக்கினால் வீட்டில் மோட்டார் ஓடும். மேலே இருக்கும் டிரம் நிரம்ப நாலு நிமிடம். நாலு நிமிடம் ஆனதும் மோட்டார் நின்று ஒரு கரண்ட் மணி அடிக்கும். ஆறு வீட்டுக்கும் அன்றிலிருந்து நல்ல தண்ணீர். அமலி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

ஒருநாள் முதலாளி என் மேசைப் பக்கம் வந்தார்.

“ஏனப்பா மாதவா, இதென்ன கலர் கலரா?”

“ஊட்டுக்குத் தண்ணி வந்திருச்சான்னு பாக்கறதுங்க. நம்ம சகாயராஜ் பண்ணுனதுங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் பார்த்தார். பிறகு சகாயராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏங்கண்ணு, தொட்டிக்கு வெச்ச மாதிரி இதையக் கதவுக்கும் வெக்கலாமா?”

“எந்தக் கதவுக்கு மொதலாளி?”

“லேடீஸ் பாத்ரூமுக்குத்தான். உள்ள போனாப் பாதிப் பேரு வெளியவே வர்றதில்லீங்க.”

குரலில் ஒரு கடுமை கிடையாது. எத்தனை இங்கிதம்!

சகாயராஜ் சரியென்றான். அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை கம்பெனியில் கட்டை முறை. மெஷின் வரிசைக்கு ஒரு மரக்கட்டை ஆணியில் தொங்கும். கக்கூஸுக்குப் போகிற பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டிங் மேசையில் நிற்கும் ஆம்பிளைகள் நடுவே நடந்து போக வேண்டும். அமலி அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“எந்தக் கதவு காலியா இருக்குன்னு ஸ்கிரீன்லயே தெரிஞ்சிரும் அண்ணாச்சி. இனி எவளும் அந்தக் கட்டையச் சொமக்க வேண்டாம்,” என்றான் என்னிடம். கண் மின்னியது. பைத்தியக்காரன்.

நாலு கதவின் தாழ்ப்பாளிலும் சுவிட்ச் வைத்தான். ஒயருக்கு ஒயர் அடையாளமாக பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினான். முதல் கதவு ஸ்மால், அடுத்தது மீடியம், லார்ஜ், எக்ஸெல். மணிக்கு டபுள் எக்ஸெல். எந்த வேலையையும் அவ்வளவு சுத்தமாகச் செய்வான். ஒரே ஒரு தப்புதான் செய்தான். வீட்டுக்கு எழுதியதை அப்படியே காப்பி அடித்தவன், அந்த நாலு நிமிடக் கணக்கை எடுக்க மறந்துவிட்டான். முதல் நாளே யாரோ ஒருத்தி உள்ளே போனாள். நாலு நிமிடம் ஆனது. நூற்றிருபது மெஷின் ஓடும் ஹாலில் மணி அலறியது.

சகாயராஜ் ஓடினான். “ஒரு நிமிசம் மொதலாளி, அத எடுத்துருதேன்.”

“எடுக்காத கண்ணு,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. “அதுதான் நல்லா இருக்குது.”

கட்டைகளை அன்றே கழற்றி அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மணி அடித்தால் சூப்பர்வைசர் போய் கதவைத் தட்டுவான். வெளியே வருகிறவள் பேரை எழுதிக்கொள்வான். சாயங்காலம் கதவு, பேர், நிமிடம் என்று பட்டியல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது யார் வேலை? என் வேலை. ஆபீஸ் கக்கூஸுக்கு சுவிட்ச் கிடையாது. நான் பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டு வந்து பட்டியலை ஒட்டினேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்குகூட இல்லை.

பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் மெஷின் பக்கத்தில் வைத்த பாட்டில் சாயங்காலமும் நிறைந்தே இருக்கும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டார்கள். அமலியோடு யாரும் பேசுவதில்லை. அவள் வந்தால் சாப்பிடுகிற இடத்தில் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல் கண்டது. டாக்டர் அரை மணிக்கொரு தரம் தண்ணீர் குடி என்றார். அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்தாள்.

மணியைக் கழற்றிவிடலாமா என்று சகாயராஜ் ஒரு தரம் முதலாளியிடம் போய்க் கேட்டான். “ஷிப்மெண்ட் முடியட்டும் கண்ணு,” என்று பதில் வந்தது. இவனும் திரும்பி வந்துவிட்டான். ஷிப்மெண்ட் முடிகிற கம்பெனி எங்கே இருக்கிறது?

“நீயே செஞ்சது, நீயே கழட்டக் கூடாதா?” என்று கேட்டேன்.

“வேலை போயிருமே அண்ணாச்சி,” என்றான். எனக்கு அவன்மேல் அருவருப்பாக இருந்தது. கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்பது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சகாயராஜும் அமலியும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த நேரம், தண்ணீர் வந்துவிட்டது. சகாயராஜ் பட்டனை அமுக்கினான். நாங்கள் நாலைந்து பேர் குடங்களோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். டிரம் நிரம்பியது. மணி அடித்தது. கம்பெனியில் இருப்பதும் இதுவும் ஒரே கடையில் வாங்கிய ஜோடி மணி.

லைன் வீட்டுக் கோடியில் இருக்கும் கக்கூஸ் கதவு படாரென்று திறந்தது. அமலி ஓடி வந்தாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். கால் நனைந்திருந்தது.

“முடிச்சிட்டேன் சார்,” என்றாள். “முடிச்சிட்டேன் சார்.”

எதிரே இருந்தது வெறும் சுவர். பிறகு எங்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சகாயராஜ் உள்ளே போய் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தான். மணியின் ஒயரை வெட்டப் போனான்.

“இங்க என்னத்துக்கு வெட்டுதீங்க?” என்றாள் அமலி, முந்தானையை எடுக்காமல். “இது நம்ம வீட்டுக்குத் தண்ணி குடுத்த மணி. அங்க போயி வெட்டுங்க.”

திங்கட்கிழமை டீ நேரத்தில், எல்லாரும் பார்க்க, சகாயராஜ் ஸ்டூல் போட்டு ஏறி கம்பெனி மணியின் ஒயரை வெட்டினான். கதவு சுவிட்சுகளையும் பிடுங்கப் போனவனை வாட்ச்மேன் இழுத்து இறக்கினார். மத்தியானத்துக்குள் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அமலி போகும்போது தன் மெஷின் பக்கத்தில் நின்று, பாட்டிலைத் திறந்து, தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் போனாள். முதலிபாளையத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை மணியைத் திரும்ப மாட்ட புது எலக்ட்ரீசியன் வந்தான். ஒயர்க் கூட்டத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். மணிக்குப் போகிற ஒயர் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

“மாதவா, உனக்குத் தெரியுமாப்பா?”

டபுள் எக்ஸெல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஒயரை நான் காட்டினேன்.