வாரேனுங்க, மேடம்

கப்பல் வேலை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, வாந்தி வருமா என்றுதான். வந்தது, இரண்டு நாள். வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டு சமாளித்தேன். என் வேலைக்கே உலை வைத்தது ஒரு சொல். அதுவும் மரியாதையான சொல்.

எங்கள் வீடு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கொட்டகை. கோயம்புத்தூரில் கேட்டரிங் படித்துவிட்டு, அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் நான்கு வருடம் பரிமாறினேன். அதுவரை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன், யாராவது கேட்டால் 'ஹோட்டல்ல ஆபீஸ் வேலை' என்று சொல்லிக்கொள்ளலாம். சொகுசுக் கப்பலில் உதவி வெயிட்டராக எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன அன்றைக்குத்தான் வீடு இரண்டுபட்டது.

"ஏன் அம்மணி, நாலு பேருக்குச் சோறு போட்ட ஊடு இது. நீ கப்பலேறிப் போயி எவனோ தின்னுபோட்ட தட்டை எடுக்கப் போறயா?"

"இங்கயும் அதத்தானுங்கப்பா செய்யறேன்."

"இங்க செய்யறது எனக்குத் தெரியாது."

தெரியும். எனக்கும் கோபம் வந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் போகத்தான் போகிறேன் என்று கத்தினேன். தறிக் கொட்டகை வீட்டில் பிறந்தவளுக்குக் கத்தத் தெரியாதா என்ன. அப்பா கத்தவில்லை. "ஒரு மாசம் தாங்கமாட்டே. வந்து நிப்பே பாரு" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. மருத்துவப் பரிசோதனை, விசா, நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டுப் படகில் ஏறச் சொன்ன பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்து நான் கிளம்பும் நாள் வரைக்கும் பேச்சில்லை.

கிளம்புகிற காலையில் கொட்டகைக்குள் போனேன். அப்பா குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, வாரேனுங்க."

எங்கள் பக்கத்தில் யாரும் எங்கேயும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. பால் ஊற்றுகிறவர், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், எல்லோரும் வாசலைத் தாண்டும்போது "வாரேனுங்க" என்றுதான் சொல்வார்கள். இருக்கிறவர்கள் "வாங்க" என்பார்கள். சின்னவர்களானால் "ம், வா" என்பார்கள். அந்தப் பதில் வராமல் படி இறங்குவது நல்லதில்லை. வாய் தவறிப் 'போறேன்' என்று சொன்ன குழந்தையை அதட்டித் திருத்துவார்கள். போனால் போனதுதான் என்று அர்த்தமாகிவிடும்.

அப்பா பதில் சொல்லவில்லை. இழையை முடிந்துவிட்டு அடுத்த தறிக்கு நகர்ந்துவிட்டார். தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அம்மா சமாதானம் சொன்னார். எட்டுத் தறி ஓடும்போதே, நான் தெருமுனையில் ஸ்கூட்டரைத் திருப்புகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறவர் எங்கள் அப்பா. விமானத்தில், கப்பல் புறப்படும் பார்சலோனாவுக்குப் போய்ச் சேரும்வரை எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கப்பலில் முதல் இரண்டு மாதம் சோதனைக் காலம். விருந்தினர்களிடமிருந்து புகார் அட்டை சேர்ந்தால், அடுத்த துறைமுகத்தில் இறக்கி விமான டிக்கெட் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார் எங்கள் ஹெட் வெயிட்டர். பிலிப்பைன்ஸ்காரர், எப்போதும் இஸ்திரி போட்ட முகம். என் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, கொட்டகை வாசலில் நின்று "சொன்னேனல்ல" என்னும் அப்பாதான் தெரிந்தார். அதனால் பேய் மாதிரி உழைத்தேன். ஜன்னல் இல்லாத அறையில் மேல் கட்டில், ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேர நடை, கையில் ஒரே நேரத்தில் ஆறு தட்டு. தட்டு விழவில்லை. யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது மனப்பாடம். "யெஸ்ங்க" என்று நான் சொல்வதைக் கேட்டு, அது ஏதோ இந்திய முறை வணக்கம் என்று ஒரு மேஜை முழுக்கத் திருப்பிச் சொன்னது.

முதல் புகார் மூன்றாவது வாரம் வந்தது. ஒரு கணவன் மனைவி எழுதியிருந்தார்கள்: 'பெண் நல்ல பெண். ஆனால் வருகிறேன் என்றாள், வரவில்லை.' ஹெட் வெயிட்டர் எச்சரித்து அனுப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காபி கொடுத்து, தட்டெல்லாம் எடுத்து, விடைபெற்றுக்கொண்டுதான் அந்த மேஜையை விட்டு நகர்ந்தேன். வேறு யாரையோ நினைத்து எழுதிவிட்டார்கள் என்று இருந்துவிட்டேன்.

நான்காவது வாரம் வந்ததுதான் பெரிய அடி. தனியாகப் பயணம் செய்த ஒரு வயதான அம்மாள். அன்று கப்பல் துறைமுகத்தில் நின்றது, ஒன்பது மணிக்கு ஊர் சுற்றிக்காட்டும் பேருந்து. அந்த அம்மாள் காலை உணவை நேரத்தோடு முடித்துவிட்டார். நான் தட்டை எடுத்தேன், நாற்காலியைச் சற்றே இழுத்துவிட்டேன், கையைக் கட்டிக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்கான தீயணைப்புப் பயிற்சிக்கு ஓடினேன். அந்த அம்மாள் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பேருந்து போய்விட்டது. அந்த ஊரைப் பார்க்கத்தான் பயணமே வந்தாராம்.

மத்தியானம் ஹெட் வெயிட்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு அட்டைகளும் இருந்தன.

"உன் வேலையில் குறை இல்லை. நீ ஏன் பொய் சொல்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சோம்பேறி என்றிருந்தால் பொறுத்திருப்பேன். "நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை சார்" என்றேன். குரல் கொஞ்சம் தறிக் கொட்டகைக் குரலாகவே வந்தது.

"சரி. மேலதிகாரியிடம் நீ இன்று மாலை பேசவேண்டும். அவர் முடிவு செய்வார். நீ போகலாம்."

முடிந்தது என்று நினைத்தேன். நான்கு வாரம். அப்பா சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். மரியாதையையாவது விடக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு, "ஓகே சார். ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தேன்.

"நில். எங்கே வருகிறாய்?"

திரும்பினேன்.

"ஐ ஆம் கமிங் என்கிறாய். வெளியே போகிறாய்!"

கதவுப் பிடியில் கை வைத்தபடியே நின்றேன். நான்கு வாரம், மூன்று வேளை, நான் விட்டுவந்த ஒவ்வொரு மேஜையிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவிநாசி ரோட்டில் நான்கு வருடம் சொன்னேன். அங்கே சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அது புரிந்தது, ஒருவரும் காத்திருக்கவில்லை. இங்கே அந்த அம்மாள், நான் சொன்னபடி நடப்பேன் என்று நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார். நானே போய்ப் பேருந்தை நிறுத்தியிருக்கலாம் போலிருந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லமாட்டோம், வருகிறேன் என்போம், திரும்பி வருவேன் என்று அர்த்தம், ஆனால் உடனே வரமாட்டோம். அவர் இரண்டு முறை கேட்டார். முகத்தின் இஸ்திரி கொஞ்சம் கலைந்தது.

"அப்படியானால் நிஜமாகவே வரும்போது என்ன சொல்வீர்கள்?"

"அதற்கும் வருகிறேன்தான் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மேலதிகாரியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் கறாராக ஒன்று சொன்னார்: "இந்தக் கப்பலில், போகும்போது 'போகிறேன்' என்றே சொல். இன்னொரு அட்டை வந்தால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது."

அந்த அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கதையைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் ஊரைப் பார்க்காத வருத்தம் சிரிப்போடு போய்விடவில்லை. பிறகு நாக்கைப் பழக்கினேன். படுக்கையில், குளிக்கும்போது, தட்டு துடைக்கும்போது: போகிறேன், போகிறேன். முதலில் சொல்லும்போதெல்லாம் அபசகுனமாகப் பட்டது. இரண்டாவது மாதம் முடியும்போது அதுவும் போய்விட்டது. மூன்றாவது அட்டை வரவில்லை. வேலை நிரந்தரம் என்று தாள் கொடுத்தார்கள்.

அன்று மத்தியான இடைவேளையில் வீட்டுக்குப் பேசினேன். இரண்டு மாதமாக அம்மாதான் போனை எடுப்பார், அப்பா பின்னால் எங்கேயோ செருமிக்கொண்டிருப்பார். அம்மாவிடம் வேலை நிலைத்ததைச் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் காத்திருந்த கதையையும் சொன்னேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"நெசமாலுமே அந்தம்மா உக்காந்தே இருந்துச்சா?" அப்பா குரல்.

"ஆமாங்கப்பா. அரை மணி நேரம்."

"அடப் பாவமே." சிரிப்பை அடக்கினார். "சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"ஒத்துக்குதுங்கப்பா."

"இன்னும் எத்தன மாசம்?"

"ஏழு."

பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு மாலைப் பந்திக்கு மேஜை போடும் நேரமாகிவிட்டது.

"டூட்டிக்கு நேரமாச்சுங்கப்பா. போறேனுங்க."

மறுமுனையில் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. கொட்டகை முழுக்க அமைதியானது.

"என்ன சொன்னே?" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வாரேனுங்கப்பா."

"ம்" என்றார். "வா."