வள்ளலின் அக்கா

அந்த வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த தலையணையில் வலித் தைலம் நாறியது. உறையைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். வாடை பஞ்சுக்குள் இருந்தது. மேசையின் கீழ் இழுப்பறை பாதிக்கு மேல் திறக்காது. உள்ளே ஒரு சீப்பு, அதன் பற்களில் நரைத்த நீள முடி. விருந்தாளிகள் தங்கும் அறை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முன்பு தங்கிய யாரோ விட்டுப் போனதாக்கும் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சீப்புக்கு உரியவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் கண்டதும் அவர் வாயால் கேட்டதும் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை.

வீட்டுக்காரர் முன்பு என் அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். வெளிநாட்டில் குடியேறிப் பல வருடமாகிறது. அந்த நகரத்தில் நம்மவர்களுக்கு அவர் ‘வள்ளல்’. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார் போலிருந்தது. நான் ஓய்வு பெற்றதிலிருந்து, “ஒரு தடவை வந்து தங்கிட்டுப் போங்க சார்” என்று விடாமல் அழைத்தார். போனேன். குறை சொல்ல முடியாது; ஊரைச் சுற்றிக் காட்டினார், துணிமணி வாங்கிக் கொடுத்தார், என் தட்டைக் காலியாக விட்டதில்லை. ஆனால் தட்டு நிறைந்ததும் முதலில் செல்போனை எடுப்பார். படம் நண்பர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் சாப்பிடலாம்.

அவருடைய அக்காவும் அந்த வீட்டில் இருந்தார். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இரவு வேலை. விடிந்தபின் வருவார், பிறகு கண்ணில் படமாட்டார். எதிர்ப்பட்ட போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“எப்ப கிளம்புறீங்க?”

“வெள்ளிக்கிழமை.”

“வெள்ளி மதியமா, ராத்திரியா?”

வள்ளலின் மனைவி சிரிப்பார். “அண்ணிக்கு உங்களை அனுப்ப மனசே இல்ல சார்.” எனக்கும் அப்படித்தான் பட்டது. பிரியமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வழியனுப்பு விருந்து. உடுத்த வேண்டிய சட்டை துவைக்கப் போயிருந்தது. வீட்டுக்காரம்மா சமையலறையில் இறைச்சியில் மசாலா பிசைந்துகொண்டிருந்தார். “மெஷின் ரூம்ல காயுது சார், இருங்க, கையைக் கழுவிட்டு எடுத்துத் தரேன்” என்றார். அவருக்கு எதற்குச் சிரமம் என்று நானே போய்க் கதவைத் திறந்தேன்.

முகத்தில் அடித்தது நாற்றம். ஈரச் செருப்பு, குப்பைப் பை, சூடான நூல் தூசு. துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில். அதில் அக்கா படுத்திருந்தார். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் உலர்த்தும் இயந்திரம் என் சட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் தகரத்தில் டக்கென்று மோதியது. அவர் கண்ணை மூடவில்லை.

“சட்டையா? இன்னும் கொஞ்ச நேரம் ஓடணும்” என்றார்.

“நீங்க ஏன் இங்க படுத்திருக்கீங்க?”

“வேற எங்க படுக்கிறது? என் ரூம்லதான் நீங்க இருக்கீங்களே.”

கோபமில்லை. பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று வழி சொல்வது போலச் சொன்னார்.

“எனக்குத் தெரியாதும்மா.”

“யாருக்குத்தான் தெரியும்? உங்களுக்கு முன்னாடி என் தம்பி பொண்டாட்டியோட ஒண்ணுவிட்ட தம்பி. அதுக்கு முன்னாடி புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. வர்றவங்க எல்லாரும் நல்லவங்கதான், போகத்தான் மாட்டேங்கிறாங்க.”

“தம்பிகிட்ட சொல்லலையா?”

“சொன்னேன். ‘பொறுத்துக்கோக்கா, நம்ம பேரு கெட்டுடும்’னான். அவ்வளவு பெரிய பேருன்னா அதைத் தூக்கி இந்தக் கட்டில்ல படுக்க வைக்கட்டுமே!”

இயந்திரம் நிற்கும்வரை உட்கார்ந்து பேசினார். இளம் வயதில் கணவன் போனதும் இந்த நகரத்துக்கு முதலில் வந்தவர் அவர்தான். வந்த நாளிலிருந்து அதே சலவைப் பிரிவு, ஆவி பறக்கும் உருளைக்குள் படுக்கை விரிப்புகளைத் தள்ளும் வேலை. தம்பியை வரவழைத்தவர் அவர். இந்த வீடு வாங்கியதில் அவர் சேமிப்பும் சேர்ந்திருக்கிறது. ஜன்னல் வைத்த பின்பக்க அறை உனக்குத்தான் என்று அன்று சொன்னானாம் தம்பி.

“ராத்திரி பூரா ஊரான் படுத்த விரிப்பைத் துவைக்கிறேன். வீட்டுக்கு வந்தா உங்க விரிப்பையும் நான்தான் மாத்துறேன். இன்னைக்கு லீவு போட்டிருக்கேன் சார். நீங்க போனதும் ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கணும். அவ்வளவுதான்.”

சட்டை சூடாக வந்தது. அதை மேலே போட எனக்குக் கூசியது. வேறு வழியில்லாமல் போட்டேன்.

விருந்துக்கு நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வள்ளல் ஒரு கோழிக்காலைக் கையால் பிய்த்து என் தட்டில் போட்டு, அதே கையை என் தோளில் வைத்தார். வாய் நிறைய மென்றுகொண்டே அறிவித்தார். “சார் இன்னைக்குக் கிளம்புறார். சாயங்காலமே நம்ம பார்ட்னரோட மாமனார் மாமியார் வர்றாங்க. ஒரு மாசம்! நம்ம வீட்டு மெத்தை ஆறவே ஆறாது!”

“வள்ளல்னா சும்மாவா!” என்றார் ஒருவர். கை தட்டினார்கள்.

தண்ணீர் ஜாடியோடு வந்த அக்கா அதைக் கேட்டார். ஜாடியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மேசையில் யாரோ கடித்துப் போட்ட துண்டுகள், தொடாமலே ஒதுக்கிய சோறு, அவற்றின் நடுவே பல் குத்திய குச்சிகள். வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் வழித்துக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டே, “இன்னும் போட்டுக்கோங்க” என்று உபசரித்தார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“அந்த ரூம் உங்க அக்காவோடதுன்னு சொல்லவே இல்லையே” என்றேன்.

 வள்ளல் சிரித்தார். “அக்கா என்ன வேத்து ஆளா சார்? அவங்க நின்னுகிட்டே தூங்குற ஆளு!” எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஓயுமுன் அக்கா என் பெட்டியோடு வந்தார். மூடியைத் திறந்து காட்டினார். சட்டைகள் ஓரத்துக்கு ஓரம் ஒட்டி, ஹோட்டல் துணி போல மடிந்திருந்தன. “எல்லாம் வச்சாச்சு சார், ஒரு தடவை பாத்துக்கோங்க” என்று மூடி, வாசலருகே கொண்டுபோய் வைத்தார். மெஷின் ரூமுக்குப் போய்ப் போர்வையை எடுத்தார். விருந்தாளிகள் நடுவே நடந்து பின்பக்க அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுத்து, ஜன்னல் சாத்தும் சத்தம்.

“அக்கா! விளையாடாதே, திற!” என்று வள்ளல் கதவைத் தட்டினார்.  நண்பர்களிடம் திரும்பி, “நைட் ஷிப்ட் பாத்துப் பாத்து மூளை குழம்பிப்போச்சு” என்றார்.

“கிளம்பலாமா?” என்று பெட்டியைத் தூக்கினேன். விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது.

காரில் அவர் கொடுத்த பரிசுப் பெட்டி என் மடியில். சட்டைத் தோளில் எண்ணெய்க் கை ஐந்து விரலோடு பதிந்திருந்தது. அவர் புலம்பிக்கொண்டே ஓட்டினார். “எவ்வளவு செஞ்சாலும் நன்றியே இல்ல சார். கூடப் பொறந்தவளே இப்படின்னா ஊரான் என்ன பேசுவான்?”

பாதி வழியில் மனைவியின் போன். குரல் கார் முழுக்கக் கேட்டது. “பார்ட்னரோட மாமனார் மாமியார் சீக்கிரமே வந்து ஹால்ல உக்காந்திருக்காங்க. தட்டித் தட்டி என் கையே வீங்கிடுச்சு. அண்ணி திறக்கலைங்க. குறட்டைச் சத்தம் கேக்குது!”

வள்ளல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். பழைய நாளில் சிக்கலான கோப்பைக் கொண்டுவந்து நிற்பாரே, அதே முகம். “இப்ப அவங்களை எங்க சார் படுக்க வைக்கிறது?”

“உங்க ரூம்ல.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அது எப்படி சார்? அது நாங்க படுக்கிற ரூமாச்சே!”

பரிசுப் பெட்டியை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கி, டாக்ஸி பிடித்தேன்.